தலை வாரும் படம்

கேமரா வைத்திருக்கிறவனைப் போல ஓட்டைவாய் உலகத்தில் கிடையாது. அவன் எடுத்த படத்தைப் பார்த்து ‘நல்லா இருக்கே’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். எந்த லென்ஸ், எந்தத் தெரு, எந்த மாடி, வெயில் எந்தப் பக்கம் இருந்தது, அன்றைக்குத் தனக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது வரை கொட்டித் தீர்த்துவிடுவான். நானும் அந்த ஜாதிதான். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுத்தில் கேமரா. எங்கள் குழுவில் என்னை ‘லிஃப்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

குழு என்றால் பெரிய படை இல்லை, ஐந்து பேர். பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை. நோயாளிகள் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் முன்னறையில்தான் மாசத்துக்கு ஒரு தடவை கூடுவோம். டாக்டரம்மா பூச்சிகளை மட்டுமே எடுப்பார். கணக்கு வாத்தியாருக்குக் கட்டடங்கள். பேக்கரிக்காரன் மனுஷர்களை எடுப்பான். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய பன் கொண்டுவருவதால் அவனுக்கு ‘பன்னு’ என்று பேர். என் நெருங்கின சினேகிதன் அவன்தான். ஐந்தாவது ஆள் புதுசு, கூரியர் ஆபீஸில் வேலை. வந்து சேர்ந்ததிலிருந்து மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவனுக்கு ‘மௌனசாமி’ என்று நாங்களே பேர் வைத்துவிட்டோம்.

வருஷத்தின் கடைசிக் கூட்டத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரே படம், அந்த வருஷம் எடுத்ததில் மனசுக்கு ரொம்பப் பிடித்தது. யார் எடுத்தது என்று சொல்லாமல் சுவரில் போடுவோம். எல்லாரும் பேச வேண்டும். எடுத்தவரும் யாரோ எடுத்த படம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டும், வேண்டுமானால் தன் படத்தையே திட்டிக்கொள்ளலாம். கூடவே இடத்தைக் கண்டுபிடிக்கும் போட்டியும் நடக்கும். படத்தில் இருக்கும் கம்பி, சுவர், நிழல் இவற்றை வைத்தே இன்ன தெரு என்று சொல்லிவிடுவதில் வாத்தியாரை அடிக்க ஆள் இல்லை. எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் எடுத்தவர் கை தூக்குவார். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே இந்தப் படங்களை எங்கள் இணையப் பக்கத்திலும் போட்டுவிடுவோம். பார்க்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள், கேள்வி கேட்பார்கள். எடுத்தவர் தன் படத்துக்கு வரும் கேள்விக்குப் பதில் சொல்லலாம், மற்றவர்கள் படத்தைக் கூட்டம் முடியும் வரை திறந்து பார்க்கக் கூடாது.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்து மாசக்கணக்கில் ஆகிவிட்டது. போனிலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். காரணம் என் தங்கச்சி.

மழைக்காலம் தொடங்கும்போது ஒரு கைப்பையும் ஏழு வயசுப் பெண்ணுமாக என் வாசலில் வந்து நின்றாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. “அண்ணா, இந்தத் தடவை என்னைத் திருப்பி அனுப்பிடாத” என்றாள். முன்னால் இரண்டு தடவை சொந்தக்காரர்கள் பேசி அனுப்பி வைத்திருந்தார்கள். அவள் புருஷன் அப்படிப்பட்ட ஆள். வெளியே தேனொழுகப் பேசுவான். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான். ‘இவ்வளவு தங்கமான மனுஷன் கை நீட்டுவானா’ என்று எல்லாரும் என் தங்கச்சியைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவள் வந்த அந்த வாரமே நான் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊரின் மறு கோடியில் ஒரு மூன்றாவது மாடிக்குக் குடி போனேன். எனக்கென்ன, கல்யாணமா காட்சியா, கட்டில் ஒன்று பீரோ ஒன்று. புது முகவரியை யாருக்கும் சொல்லவில்லை. பன்னுவுக்குக்கூட. ‘என்னடா, எங்கயாவது ஒளிஞ்சு குடும்பம் நடத்துறியா?’ என்று அவன் கிண்டல் செய்தபோது சிரித்து மழுப்பிவிட்டேன்.

தங்கச்சியைக் கடைக்கு அனுப்புவதில்லை. பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. கீழே விளையாடக் கூடாது. பாவம், இரண்டும் கூண்டுக்குள் இருக்கிற மாதிரிதான். பால்கனியை மட்டும் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதுவும் மூன்றாவது மாடி, எதிரே ஒரு விடுதியின் மொட்டை மாடி. யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். “மாமா, இன்னைக்கு உன் படம்தான் ஜெயிக்கும்” என்று பாப்பா கை காட்டி அனுப்பினாள். நான் காட்ட இருந்தது ஒரு பழைய லிஃப்டின் உள்பக்கம். அது ஜெயித்தால்தான் ஆச்சரியம்.

முதலில் டாக்டரம்மாவின் தும்பி வந்தது. அதன் கண்ணுக்குள் ஒரு ஜன்னலே தெரிந்தது. “இதுக்கு எத்தனை நாள் குட்டிக்கரணம் போட்டீங்களோ” என்று பன்னு வாயை விட, யார் எடுத்தது என்ற ரகசியம் அங்கேயே உடைந்தது. அடுத்தது ஒரு பாலத்தின் அடிப்பக்கம். வாத்தியார் அதை மோசமான படம் என்று ரொம்ப அக்கறையாகத் திட்டியதிலிருந்தே அது அவருடையது என்று புரிந்துவிட்டது. என் லிஃப்டையும் பார்த்தார்கள். “உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி மூச்சு முட்டுதுய்யா” என்றான் பன்னு. நான் பன்னை மென்றுகொண்டே சிரித்தேன்.

நாலாவது படம் சுவரில் விழுந்தது. வாயில் இருந்த பன் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு பால்கனி. கீழே உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை. பின்னால் ஸ்டூலில் அவள் அம்மா, வாயில் கொண்டை ஊசியைக் கடித்தபடி மகளின் தலையை வாருகிறாள். அம்மாவின் முகம் பாதி குனிந்திருக்கிறது. குழந்தை கையில் பிடித்திருக்கும் சின்னக் கண்ணாடியில் அவள் முகம் முழுசாகத் தெரிகிறது. வெயில் இருவரின் தலைமுடியிலும் பொன்னாக விழுந்திருக்கிறது. என் தங்கச்சி. என் பாப்பா. என் வீட்டுப் பால்கனி.

“அடடா!” என்றார் டாக்டரம்மா. 

 அழகான படம், சந்தேகமே இல்லை. அந்த அழகுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதை ஒரு தடவை பார்த்தவன் மறக்க மாட்டான். யார் எடுத்தது? எதற்கு எடுத்தான்? என் கண் தானாக மௌனசாமியின் பக்கம் போனது. புதுசாக வந்தவன். எங்கிருந்து வந்தான், யார் சொல்லி வந்தான் என்று யாராவது விசாரித்தோமா? அவன் படத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 

“கேட்டுட்டு எடுத்ததா, கேக்காம எடுத்ததா?” என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். “அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா வருத்தப்பட மாட்டாளா?”

“கேட்டா போச்சு டாக்டரம்மா. உடனே முடியச் சரி பண்ணிக்கிட்டு ஈன்னு இளிப்பாங்க. படம் செத்துடும்” என்றான் பன்னு.

“இடத்துக்கு வருவோம்” என்று வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார். “கம்பி பச்சை பெயிண்ட். இந்தப் பச்சை அடிச்ச குடியிருப்பு ஊர்ல ரெண்டே இடத்துலதான் இருக்கு. காலை வெயில் உள்ள விழுது, அப்ப பால்கனி கிழக்குப் பார்த்தது. கீழ ஓரத்துல தெரியுதே, அது தண்ணித் தொட்டியோட விளிம்பு. எதிர்ல இருக்கிற மொட்டை மாடியிலிருந்து எடுத்திருக்காங்க.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் என் வீட்டுப் படி ஒன்றில் ஏறுகிற மாதிரி இருந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அதுவும் அந்த மௌனசாமிக்கு முன்னால். மிச்சப் பன்னைக் கையில் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“சாக்கு மண்டிக்குப் பின்னாடி, மூணாவது மாடி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாத்தியார் திரும்பினார். “சரியா?”

“இது லிஃப்டு எடுத்ததுதான்” என்று பன்னு கண்ணடித்தான். “மூஞ்சியப் பாருங்க, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கான். எவ்வளவு நேரமா வாயத் திறக்கல! என்னா நடிப்பு!”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “யாருடா எடுத்தது இதை?” என்று எழுந்தேன். குரல் எனக்கே வேறு யாருடையது மாதிரி இருந்தது. “விளையாடாம சொல்லுங்க. யாரு எடுத்தது?”

எல்லாரும் திகைத்துப் போனார்கள். வழக்கத்தை யாரும் இப்படி உடைத்தது இல்லை. மௌனசாமி கையைத் தூக்கப் போகிறான் என்று நான் அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன். தூக்கியது பன்னு.

“நான்தான்டா” என்றான், கொஞ்சம் பயந்துபோய். “ஏன், நல்லா இல்லையா? அந்த விடுதிக்கு நான்தானே ரொட்டி போடுறேன். போட்டுட்டு மொட்டை மாடிக்குப் போவேன். ஞாயித்துக்கிழமைன்னா அவங்க அங்க உக்காருவாங்க. மூணு வாரம் காத்திருந்து எடுத்தேன்.”

நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு இறங்கியது. பன்னுதானா! நம்ம பன்னு. எடுத்தவன் நல்லவன், படத்தை அழிக்கச் சொல்லலாம், விஷயத்தைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

“பேஜ்லயும் இதுக்குத்தான் ஓட்டு அதிகம்” என்று அவன் சமாதானமாகப் போனை நீட்டினான். “பாரு, எவ்வளவு பேர் எழுதியிருக்காங்க. நம்ம ரசிகன் சார்கூட எழுதியிருக்காரு.”

“ரசிகன் யாரு?”

“நீதான் பேஜ் பக்கமே வர்றதில்லையே. ஒரு பூப்படம் போட்டுக்கிட்டு ‘ரசிகன்’னு பேர் வச்சிருக்காரு. ரெண்டு மாசமா நம்ம எல்லார் படத்தையும் பாராட்டுறாரு. ரொம்பத் தன்மையான மனுஷன். உன்னைக்கூட விசாரிச்சாரு, லிஃப்டு சார் படமே போடுறதில்லையே, நல்லா இருக்காரான்னு.”

நான் போனைப் பிடுங்கினேன். படத்துக்குக் கீழே வரிசையாகப் பாராட்டுகள். அதில் அந்தப் பூப்படம். ‘அருமை. கவிதை மாதிரி இருக்கு. குழந்தை மட்டும் கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது.’

இன்னொரு தடவை படித்தேன். குழந்தை இளைத்திருக்கிறது. பாப்பா முன்னால் எப்படி இருந்தாள் என்று தெரியாத ஒருவன் எப்படி அதைச் சொல்ல முடியும்? ஊரில் இருக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இளைத்திருக்கிறது என்று பெற்றவனைத் தவிர யாருக்குத் தோன்றும்?  என் கேமராப் பைத்தியம் அவனுக்குத் தெரியும். எனக்காக அந்தப் பக்கத்தில் வலை விரித்துக் காத்திருந்திருக்கிறான். நான் சிக்கவில்லை. அவர்களே சிக்கிவிட்டார்கள்.

அதற்குக் கீழே அவன் கேட்டிருந்தான்: ‘இந்த வெளிச்சத்தை நானும் பிடிச்சுப் பார்க்கணும்னு ஆசை. எந்த இடம், எந்த நேரம்னு சொன்னா நன்றியோட இருப்பேன்.’ கேட்டால் சொல்வதுதான் எங்கள் மரியாதை. பன்னு சொல்லியிருந்தான். தெரு, விடுதி, மொட்டை மாடிக்குப் போகும் படி, எதிரே மூன்றாவது மாடியில் பச்சைக் கம்பி. ‘ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல வாங்க சார். அந்த நேரம் தப்பாம உக்காருவாங்க. வீட்டு ஆம்பளை அந்நேரம் இருக்க மாட்டாரு போல, அதனால தொந்தரவு இல்ல.’

கடைசிப் பதில் அன்று காலையில் வந்திருந்தது. ‘கிளம்பிட்டேன் சார். ரொம்ப நன்றி.’

சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தாண்டியிருந்தது.

“அது என் தங்கச்சிடா!” என்று கத்தினேன். “அது என் வீடு! இவன் அவ புருஷன்டா! இவன்கிட்டேருந்து தப்பிச்சு வந்து ஒளிஞ்சிருக்காடா, பாவி! வழி சொல்லிக் கொடுத்திருக்கியேடா!”

பன்னுவின் முகத்தில் ரத்தமே இல்லை. “எனக்கு எப்படிடா தெரியும்?” என்று முனகினான். அவனுக்கு எப்படித் தெரியும்! நான்தான் யாருக்கும் சொல்லவில்லையே. நான் தங்கச்சிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். போனை உள்ளே வைத்துவிட்டுப் பால்கனியில் இருக்கிறாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.  செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன்.

வாசலில் மௌனசாமி ஏற்கெனவே பைக்கைக் கிளப்பி நின்றான். “ஏறுங்க” என்றான்.

இவனை நம்பலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. வேறு வழி இல்லை. ஏறினேன். சந்துக்குள் சந்தாகப் புகுந்து போனான். என்னிடம் அவன் ஒரு தடவைகூடத் தெருப் பேரைக் கேட்கவில்லை.

“வழி எப்படித் தெரியும் உனக்கு?” என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“உங்க வீட்டுக்கு நான்தான் பார்சல் கொண்டுவருவேன்ணே” என்றான் முன்னால் பார்த்தபடியே. “வேற பேர்ல வாங்குறீங்க. ஒரு தடவை நீங்க படியேறிப் போறதைப் பார்த்தேன். அக்கா கதவைத் திறக்காம ஜன்னல் வழியாத்தான் கையெழுத்துப் போடுவாங்க. ஏதோ பயம்னு புரிஞ்சுது. இன்னைக்குப் படத்தைப் பார்த்ததும் உங்க மூஞ்சியப் பார்த்தேன். நான் யார்கிட்டயும் எதுவும் சொன்னதில்லண்ணே.”

 “வேகமாப் போடா தம்பி” என்றேன். 

தெருவில் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் ஸ்டூல் இருந்தது. கண்ணாடி தரையில் கிடந்து வெயிலை எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. எத்தனையோ கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டை ஓட வைத்திருக்கிறேன், என் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் என்னைக் கொன்றது. தள்ளினேன்.

என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் விலைச்சீட்டின் நூல்கூட அறுக்காத புதுக் கேமரா. அவன் முழங்கால்களுக்கு நடுவே தரையில் பாப்பா. அவன் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான், நிதானமாக, ஒரு முடிகூடச் சிலும்பாமல். தங்கச்சி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அவள் கண் என் பக்கம் வந்தது, ஆனால் வாய் அசையவில்லை.

“வாங்க மச்சான்” என்றான் அவன். “படத்துல சரியாத் தெரியல. நேர்ல இன்னும் இளைச்சிருக்கா.”

“எழுந்திரு. வெளிய போ” என்றேன். நான் கோபக்காரன், நாலு பேரோடு மல்லுக்கு நிற்கிறவன். அந்த நேரத்தில் ஓரடிகூட முன்னால் வைக்கவில்லை. அவன் கைக்குள் இருந்தது குழந்தையின் தலை.

“எதுக்கு மச்சான் சத்தம்? அப்பன் பொண்ணுக்குத் தலை வாரக் கூடாதா?” என்று சிரித்தான்.

அதற்குள் ரொட்டி வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு பன்னு, அவன் பின்னால் டாக்டரம்மா, கடைசியில் வாத்தியார். வாசல் அடைத்துவிட்டது. அந்தாள் அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

“அடடே, எல்லாரும் வந்துட்டீங்களா! நான்தாங்க ரசிகன். இவர்தானே பேக்கரி சார்? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. தும்பி எடுக்கிறது டாக்டர் மேடம்தானே? என்ன பொறுமை மேடம் உங்களுக்கு!” ஒவ்வொருவர் படத்தையும் சொல்லிச் சொல்லிப் பாராட்டினான். “ஒண்ணுமில்ல சார், குடும்பத்துக்குள்ள ஒரு சின்ன மனத்தாங்கல். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். என்ன பாப்பா, அப்பாகூட வர்றேதானே?”

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கல்லும் கரையும். அவர்கள் முகத்தில் ஒரு தடுமாற்றம் வந்ததை நான் பார்த்தேன். இதே தடுமாற்றத்தை என் சொந்தக்காரர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். ‘எதுக்கும் உக்காந்து பேசுங்களேன்’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். எல்லாம் முடிந்துவிடும். தங்கச்சி மெதுவாக நகர்ந்து தன் கைப்பையை எடுப்பதைப் பார்த்தேன். 

“கையை எடுங்க” என்றார் வாத்தியார்.

“சார்?”

“அந்தக் குழந்தையோட பின்னலை விடுங்க.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். பின்னி முடித்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. அவன் சிரிக்கிறான், பேசுகிறான், டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தான், ஒற்றைக் கையால். இன்னொரு கை அந்தப் பின்னலை அடி வரைக்கும் சுருட்டிப் பிடித்திருந்தது. பாப்பா அம்மாவின் பக்கம் திரும்பப் பார்த்தாள். தலை வெடுக்கென்று பின்னால் போனது. அவள் ‘ஆ’ என்றுகூடச் சொல்லவில்லை. பழகியவள் மாதிரி பேசாமல் நேராக உட்கார்ந்துகொண்டாள்.

“இழுக்கிறான்” என்றார் டாக்டரம்மா, தனக்குள் பேசுகிற மாதிரி. பிறகு தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். உடைந்த பல்லைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நேராக உள்ளே நடந்து போய் என் தங்கச்சிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த மௌனசாமி போனைத் தூக்கிப் பிடித்தான். “எல்லாம் பதிவாகுது சார்” என்றான். பன்னுவுக்கு மாவு மூட்டை தூக்கின உடம்பு, அப்படியே போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கை இரண்டும் தயாராக இருந்தன.

அந்தாள் போனைப் பார்த்தான். நாலு பேர் முன்னால் அவனுக்குத் தன் பேர் முக்கியம், எப்போதும் அதுதான் முக்கியம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பாப்பா ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் எழுந்து சட்டையை நீவிவிட்டான். கேமராவைச் சரியாக மாட்டிக்கொண்டான்.

“வர்றேன் மச்சான்” என்றான் வாசலில் திரும்பி. “இனிமே வீடு தெரியும்ல. அடிக்கடி பார்ப்போம்.”

அவன் காலடிச் சத்தம் மூன்று மாடியும் இறங்கும் வரை நாங்கள் யாரும் அசையவில்லை. “ஏம்மா கதவைத் திறந்த?” என்று நான் தங்கச்சியிடம் கேட்டேன், கோபத்தில்தான் கேட்டேன், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அவரு கத்தல அண்ணா. மெதுவாத்தான் கூப்பிட்டாரு” என்றாள். “மெதுவாக் கூப்பிட்டா என் கை தானாத் தாழ்ப்பாளுக்குப் போகுது. நான் என்ன செய்யட்டும்?”

நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள். ‘அடிச்சாரா?’ என்று கேட்டார்கள். இன்றைக்கு அடிக்கவில்லை. ‘மிரட்டினாரா?’ அடிக்கடி பார்ப்போம் என்றார். ‘வேற என்ன செஞ்சாரு?’ தலை பின்னிவிட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மௌனசாமி எடுத்த பதிவைக் காட்டினோம். அதில் ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டு எழுந்து போவது மட்டும்தான் தெளிவாக இருந்தது. விசாரிக்கிறோம் என்றார்கள்.

படத்தை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டதாகப் பன்னு தங்கச்சியிடம் வந்து சொன்னான். அவளை நேரே பார்க்க அவனுக்கு முகம் இல்லை. “மன்னிச்சுடும்மா. அழகா இருந்துதேன்னு எடுத்தேன்” என்றான். அவள் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லையே” என்றாள்.  நான் அவனை இன்னும் நாலு திட்டு திட்டியிருப்பேன், வாய் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் அவன் வேனிலேயே சாமான்களை ஏற்றினோம். அந்தாள் எந்த முனையில் நிற்கிறானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனோம். புதுக் கேமரா மாட்டிய ஒருவன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அது வேறு யாரோ.

இப்போதைக்கு இருங்கள் என்று டாக்டரம்மா தனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் பின்கட்டைத் திறந்துவிட்டார். ஒரே அறை. மூன்று பக்கமும் அடுத்த கட்டடங்களின் சுவர். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். நான் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா நடுவில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தாள். அவன் பின்னிய பின்னல் இன்னும் அப்படியே முதுகில் தொங்கியது. அதை அவிழ்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அவிழ்க்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

“மாமா, இங்க வெளிச்சம் வருமா?” என்றாள்.

“வராதுடா பாப்பா” என்றேன். “ஜன்னலே இல்லையே. வேற நல்ல வீடாப் பார்க்கலாம், கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

“வேண்டாம் மாமா” என்று அவள் அம்மாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “இங்கேயே இருக்கலாம். அம்மா, இப்ப அவிழ்த்துவிடு.”